உப்பும் தண்ணீரும் கைகொடுக்காத மயக்கம்: மாத்திரை எப்போது, எது, எந்த நேரத்தில்?

தமிழில் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு தொல்லைகளுக்குப் பெயராகிவிட்டது. தலை கிறுகிறுவென்று சுற்றினாலும் ‘மயக்கமா வருது’ என்கிறோம். கண் இருட்டி, நினைவு தப்பிக் கீழே விழுந்தாலும் ‘மயக்கம் போட்டுட்டார்’ என்கிறோம். மருந்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. காதின் உட்பகுதிக் கோளாறால் வரும் தலைசுற்றலுக்குத் தரும் பீட்டாஹிஸ்டின், நினைவு தப்பி விழுகிறவருக்கு ஒன்றும் செய்யாது. அதே தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், ரத்த அழுத்தத்தை இன்னும் இறக்கி, விழுவதைக் கூட்டிவிடவும் கூடும். அதனால் டாக்டரிடம் போனதும் ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ‘நினைவு தப்பி விழுந்தேன், அரை நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டது’ என்று முழுசாகச் சொல்லுங்கள். சரியான மருந்துக்கு வழி அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே பேசப்போவது நினைவு தப்பி விழும் மயக்கம். அதிலும் மிகப் பரவலான வேசோவேகல் மயக்கம். பெரும்பாலானோருக்கு இது வாழ்நாளில் ஓரிரு முறை வரும், மருந்தே வேண்டாம். சிலர் மட்டும் தண்ணீர் குடித்து, உப்பு சேர்த்து, நெடுநேரம் நிற்பதைத் தவிர்த்து, எல்லாம் செய்த பிறகும் மாதத்துக்கொரு முறை விழுகிறார்கள். மண்டை உடைகிறது, வண்டி ஓட்டப் பயம், வெளியே தனியாகப் போகப் பயம். மாத்திரைப் பேச்சு எழ வேண்டியது அவர்களுக்குத்தான்.

உடம்புக்குள் நடப்பது

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் மேலுடம்பிலிருந்து காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். உடனே நரம்புகள் ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தைக் கொஞ்சம் வேகப்படுத்தி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வேசோவேகல் மயக்கத்தில் இந்த ஏற்பாடு திடீரென்று தலைகீழாகிறது. இறுக வேண்டிய குழாய்கள் தளர்கின்றன. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 1932-ல் பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் ‘வேசோவேகல்’ என்று பெயர் வைத்தார். ‘வேசோ’ ரத்தக்குழாயைக் குறிக்கும், ‘வேகல்’ அந்த நரம்பைக் குறிக்கும்.

ரத்த அழுத்தத்தின் மேல் எண் 50, 60 என்ற அளவுக்கு இறங்கினால் நினைவு தப்பும். மூளைக்கு ரத்தம் அடியோடு நின்றால் ஆறிலிருந்து எட்டு நொடிக்குள் ஆள் விழுந்துவிடுவார். விழுந்து தரையோடு தரையாகப் படுத்ததும் காலில் தேங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. பெரும்பாலும் 20 நொடிக்குள் கண் விழித்துவிடுகிறார். விழுவதே ஒருவகையில் வைத்தியம். பக்கத்தில் இருப்பவர்கள் பதறிப்போய்த் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தால் அந்த வைத்தியம் கெட்டு, மயக்கம் நீளும். கை கால் வெட்டி இழுக்கவும் செய்யும். அதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஊரில் வழக்கம். படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பிடித்தால் போதும். இரும்பால் ஆவது ஒன்றுமில்லை. இந்த வெட்டல் சில நொடிதான் இருக்கும்; தெளிந்ததும் தான் எங்கே இருக்கிறோம் என்று ஆளுக்குத் தெரியும். வலிப்பு நோயில் வெட்டல் நிமிடக்கணக்கில் நீளும், நாக்கின் ஓரம் கடிபடும், தெளிந்த பிறகும் வெகுநேரம் குழப்பம் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய மயக்கமும் ‘மருந்துக்குக் கட்டுப்படாத’ கணக்கில்தான் வந்து சேர்கிறது.

இதிலிருந்து ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் குழாய் தளர்ந்து அழுத்தம் இறங்குவதுதான் பிரச்சினை. சிலருக்கு இதயம் சில நொடிகள் அப்படியே நின்றுபோவது பிரச்சினை. பலருக்கு இரண்டும் கலந்தே வரும். மாத்திரைகள் பெரும்பாலும் முதல் வகைக்கானவை. இரண்டாவது வகையில் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால் வருடம்தான் போகும்.

‘எதுவும் கேட்கவில்லை’ என்று சொல்லும் முன்

சாதாரண சிகிச்சைக்கு அடங்காத மயக்கம் என்று வருகிறவர்களில் கணிசமானோருக்கு அந்தச் சாதாரண சிகிச்சை ஒழுங்காக நடக்கவே இல்லை. இது அவர்கள் குற்றமல்ல. ‘தண்ணி நிறையக் குடிங்க’ என்று சொல்லி அனுப்பினால் எவ்வளவு, எப்போது என்று யாருக்குத் தெரியும்?

கணக்கு இதுதான். நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், அதிலும் பெரும்பகுதி பகலில். காபி, டீயை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நெடுநேரம் நிற்கப்போகிறீர்கள் அல்லது ரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், கால் மணி நேரம் முன்பு அரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள். உப்பு நாளுக்கு 6 முதல் 9 கிராம், அதாவது ஒன்றிலிருந்து இரண்டு டீஸ்பூனுக்குள். ரசம், ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிடும் வீட்டில் இந்த அளவு ஏற்கெனவே வந்துவிட்டிருக்கலாம். காலையில் பசியில்லை என்று பட்டினியாகக் கிளம்புகிற இளம்பெண்ணுக்கு வந்திருக்காது. சந்தேகமிருந்தால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதில் சோடியத்தை அளந்தால் விடை கிடைத்துவிடும். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதயம் பலவீனம் உள்ளவர்களுக்கு இந்த உப்பு யோசனையே கூடாது.

அடுத்தது தசையை இறுக்கும் பயிற்சி. கண் இருட்டுவது, வியர்ப்பது, வயிற்றைப் பிசைவது, காது அடைப்பது என்று முன்னறிவிப்பு வந்ததும், ஒரு காலை இன்னொரு காலின் குறுக்கே போட்டு நின்று, தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் முழு பலத்தோடு இறுக்க வேண்டும். கூடவே இரண்டு கை விரல்களையும் கொக்கிபோலக் கோத்து எதிரெதிராக இழுக்க வேண்டும். அறிகுறி விலகும்வரை விடக்கூடாது. விலகவில்லை என்றால் கூச்சப்படாமல் அங்கேயே தரையில் படுத்துவிட வேண்டும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் 223 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் மீண்டும் மயங்கினார்கள். இந்தப் பயிற்சியும் கற்றவர்களில் 32 சதவீதம்தான். பல மாத்திரைகளின் பலனுக்கு இது குறைந்ததல்ல, செலவும் இல்லை. வீட்டில் கண்ணாடி முன் பத்து நாள் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வாயால் மட்டும் கேட்டுவிட்டு வந்தவருக்கு, கண் இருட்டும் அந்த ஐந்து நொடியில் எதுவும் நினைவுக்கு வராது.

பிறகு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். பிரஷர் மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், நெஞ்சுவலிக்கான நைட்ரேட், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் எல்லாமே அழுத்தத்தை இறக்கும். வயதானவர் விழுகிறார் என்றால் புது மாத்திரை சேர்ப்பதைவிட இருக்கும் ஒன்றைக் குறைப்பதுதான் பல நேரம் சரியான சிகிச்சை. அதை டாக்டர் செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது.

கடைசியாக, நோய் இதுதானா என்பதே உறுதியாக வேண்டும். ஓடும்போதோ மாடிப்படி ஏறும்போதோ விழுந்தது, படுத்திருக்கும்போதே நினைவு தப்பியது, விழுவதற்கு முன் நெஞ்சு படபடத்தது, நெஞ்சுவலி இருந்தது, குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்கள், ஈசிஜியில் கோளாறு தெரிகிறது: இதில் ஒன்று இருந்தாலும் இதயத்தை முழுமையாகப் பார்க்காமல் கீழே சொல்லும் எந்த மாத்திரையையும் தொடக்கூடாது. இதயத் துடிப்புக் கோளாறால் வரும் மயக்கம் உயிரைப் பறிக்கும். அதை வேசோவேகல் என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய தவறு இந்தத் துறையில் இல்லை.

இவ்வளவும் சரியாக நடந்தும் விழுகிறார் என்றால்தான் அடுத்த படி.

மிடோட்ரின்: முதலில் நினைக்க வேண்டிய மாத்திரை

மிடோட்ரின் செய்வது எளிமையான வேலை. தளர்ந்துபோகும் ரத்தக்குழாய்களை வெளியிலிருந்து இறுக்குகிறது. வயிற்றுக்குள் போன பிறகு உடம்பு இதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள்தான் தமனி, சிரை இரண்டின் சுவரிலும் உள்ள ஆல்ஃபா-1 ஏற்பிகளில் (மருந்து வந்து ஒட்டி வேலையைத் தொடங்கும் இடங்கள்) போய் உட்கார்ந்து குழாயைச் சுருக்கும். மூளைக்குள் அது நுழைவதில்லை. அதனால் தூக்கக் கலக்கமோ மந்தமோ வராது.

இதன் பலம், பலவீனம் இரண்டும் நேரத்தில் இருக்கிறது. மாற்றமடைந்த பொருளின் அளவு ரத்தத்தில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ‘காலை, மதியம், இரவு’ என்று மற்ற மாத்திரைபோல இதைச் சாப்பிட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, காலை எட்டு மணி மாத்திரை பன்னிரண்டுக்கெல்லாம் தீர்ந்து, இரண்டு மணிக்குச் சாப்பிடும்வரை பாதுகாப்பு இருக்காது. இரண்டு, இரவு மாத்திரை போட்டுப் படுத்தால் படுக்கையில் ரத்த அழுத்தம் ஏறும். நிற்கும்போது தேவைப்படும் இறுக்கம், படுத்திருக்கும்போது தேவைக்கு மிஞ்சியது. அமெரிக்காவில் நிற்கும்போது அழுத்தம் இறங்கும் நோய்க்கு 1996-ல் அனுமதி கொடுத்தபோதே இந்தப் படுக்கை நேர அழுத்தத்தைப் பற்றித்தான் மருந்தின் மேல் கடும் எச்சரிக்கை போட்டார்கள்.

ஆகவே நான்கு மணி நேர இடைவெளியில் மூன்று வேளை, எல்லாம் பகலில். காலை ஆறு மணிக்கு எழுபவருக்கு 6, 10, 2 என்று வைத்தால் சரியாக வரும். முதல் மாத்திரையைப் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் குளிக்கப் போகலாம். கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்கிற பழக்கம் உள்ளவர்கள் இதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மல்லாக்கப் படுக்காமல், சாய்வு நாற்காலியிலோ தலைப்பக்கம் நன்றாக உயர்த்திய கட்டிலிலோ சாய்ந்துகொள்ளலாம்.

பெரும்பாலும் வேளைக்கு 2.5 அல்லது 5 மி.கி. என்று ஆரம்பிப்பார்கள். தேவையைப் பார்த்து 10 மி.கி. வரை போவதுண்டு. சிறுநீரகம் சற்றுப் பலவீனமானவர்களுக்கு 2.5-க்கு மேல் அவசரப்படக் கூடாது, மருந்து அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். அளவைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் வீட்டில் இப்படிச் சோதியுங்கள்: மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, பத்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் பாருங்கள். பிறகு எழுந்து நின்று ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் பாருங்கள். படுத்திருக்கும்போது மேல் எண் 160-ஐத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 180-ஐத் தாண்டினாலோ, தலைவலியோடு காதுக்குள் துடிப்புக் கேட்டாலோ அடுத்த வேளையைப் போடாமல் அன்றே அவரைப் பாருங்கள். எழுந்து உட்கார்ந்தாலே அந்த அழுத்தம் இறங்கத் தொடங்கும்.

பக்கவிளைவில் எல்லோரையும் திடுக்கிட வைப்பது தலையில் வரும் உணர்வு. உச்சந்தலையில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும், கை மயிர் புல்லரித்து நிற்கும், சிலருக்கு அரிக்கும். குளிரே இல்லாமல் குளிரும். பேன் என்று நினைத்து ஷாம்பு மாற்றியவர்களும், ஒவ்வாமை என்று மாத்திரையை விட்டவர்களும் இருக்கிறார்கள். அது ஒவ்வாமை இல்லை. குழாயை இறுக்கும் அதே ஏற்பி மயிர்க்காலின் சின்னத் தசையிலும் இருப்பதால் வருவது. சொல்லப்போனால் மாத்திரை உடம்பில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். பொறுக்க முடியாவிட்டால் அளவைக் குறைத்தால் அடங்கும்.

சிறுநீர்ப்பையின் வாயிலிலும் அதே ஏற்பிகள் உண்டு. சிறுநீர் தடைப்பட்டோ சொட்டுச் சொட்டாகவோ வந்தால் உடனே சொல்லுங்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இது பெரிய தொந்தரவு. டாம்சுலோசினும் மிடோட்ரினும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக வேலை செய்பவை; இரண்டையும் ஒன்றாக எழுதினால் இரண்டுமே வீண். இன்னொரு விஷயம், சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள். அவற்றில் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறது. அதுவும் குழாயை இறுக்குவதே. மிடோட்ரின் சாப்பிடுகிறவர் மூக்கடைப்புக்கு அதையும் போட்டால் பிரஷர் எகிறிவிடும். ரத்தக் கொதிப்பு, கடுமையான இதய நோய், சிறுநீர் அடைப்பு, தைராய்டு மிகையாகச் சுரப்பது, அட்ரினல் கட்டி உள்ளவர்களுக்கு இந்த மருந்தே இல்லை. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? 2021-ல் வெளியான ‘போஸ்ட் 4’ ஆய்வில் அடிக்கடி மயங்கும் 133 பேருக்கு ஒரு வருடம் மிடோட்ரினோ, பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 67 பேரில் 41 பேர் மீண்டும் விழுந்தார்கள். மிடோட்ரின் பெற்ற 66 பேரில் 28 பேர். நூறு பேருக்குக் கணக்கிட்டால் 61 பேருக்கு வர வேண்டியது 42 பேருக்கு வந்தது. இந்த நோய்க்கு மாத்திரையால் கிடைத்த மிகத் தெளிவான நல்ல செய்தி இதுதான். இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. வெற்று மாத்திரையிலும் நூற்றுக்கு 39 பேர் அந்த வருடம் விழவே இல்லை. இந்த நோய் கொத்துக் கொத்தாக வந்து, பிறகு மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும் சுபாவம் கொண்டது. ஒரு மாத்திரையை ஆரம்பித்து மூன்று மாதம் விழவில்லை என்றால் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. உறவினருக்கு எதையோ சாப்பிட்டுச் சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டால் இதையும் நினைவில் வையுங்கள்.

ஃப்ளூட்ரோகார்டிசோன்

மிடோட்ரின் குழாயைச் சுருக்குகிறது என்றால், இது குழாய்க்குள் இருக்கும் நீரைக் கூட்டப் பார்க்கிறது. சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் வகை மருந்து. ஆகவே உப்பே சாப்பிடாதவருக்கு இது வேலை செய்யாது. பிடித்து வைக்க ஏதாவது வேண்டுமே. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அளவு காலையில் ஒரே வேளை, 0.05 அல்லது 0.1 மி.கி.யில் தொடங்கி 0.2 வரை. தசம புள்ளியைக் கவனித்துப் படியுங்கள். கடையில் 100 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருப்பதும் 0.1 மி.கி.யும் ஒன்றே.

சோடியத்தைப் பிடித்து வைக்கும் கையோடு பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும் என்பதுதான் இதன் சிக்கல். தொடங்கிய இரண்டு வாரத்துக்குள்ளும், அளவை மாற்றும்போதும் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும். 3.5-க்குக் கீழே போனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், உடம்பு சோர்ந்துபோகும், இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். இளநீரும் வாழைப்பழமும் நல்லவைதான். ஆனால் அவற்றை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. கால் வீங்குவது, எடை கூடுவது, தலைவலி, பிரஷர் ஏறுவது ஆகியவையும் வரலாம்.

2016-ல் வந்த ‘போஸ்ட் 2’ ஆய்வில் 210 பேருக்கு நாளுக்கு 0.2 மி.கி.யை இலக்காக வைத்து ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கணக்கில் வித்தியாசம் இருந்தது. ஆனால் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மருந்தின் அளவு நிலைபெற இரண்டு வாரம் விட்டு அதற்குப் பின் எண்ணினால் பலன் தெளிவாகத் தெரிந்தது. எனவே இயல்பிலேயே பிரஷர் குறைவாக இருக்கும் இளைஞர்களுக்கு இது பொருந்தும் என்பது நியாயமான முடிவு. குழந்தைகளுக்கு அவசரமாக எழுத வேண்டாம். 2005-ல் 32 குழந்தைகளிடம் நடந்த சிறிய ஆய்வில் மருந்து பெற்றவர்களே கூடுதலாக மயங்கினார்கள்.

மற்ற மாத்திரைகள், சுருக்கமாக

பீட்டா பிளாக்கர்கள்: மெட்டோப்ரொலால், புரோப்ரனலால் போன்றவை. ஒருகாலத்தில் இவைதான் முதலில் எழுதப்பட்டன. இதயம் வேகமாக அடித்துக்கொள்வதே அந்தத் தலைகீழ் அனிச்சையைத் தூண்டுகிறது, அதை அடக்கினால் மயக்கம் வராது என்பது அன்றைய எண்ணம். 2006-ல் 208 பேரிடம் மெட்டோப்ரொலாலைச் சோதித்ததில் வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் இல்லை. 42 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் உதவலாம் என்ற சந்தேகப் பலன் மிஞ்சியது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் இதைத் தரக்கூடாது என்றே சொல்கிறது. இதயம் நின்றுபோகும் வகை ஆளுக்கு இது கேடும் செய்யும். ஒற்றைத் தலைவலிக்காக எப்போதோ ஆரம்பித்த புரோப்ரனலால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை சீட்டைப் புரட்டிப் பாருங்கள். இருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பராக்ஸிட்டின்: மனச்சோர்வு மாத்திரை. 1999-ல் இத்தாலியில் மற்ற மருந்துகளுக்கு அடங்காத 68 பேருக்கு நாளுக்கு 20 மி.கி. கொடுத்ததில், வெற்று மாத்திரைக்காரர்களில் 53 சதவீதம் பேரும் மருந்து பெற்றவர்களில் 18 சதவீதம் பேரும் மீண்டும் விழுந்தார்கள். எண் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ஒரே மையத்தில் நடந்த ஆய்வு. அதற்குப் பின் அதே பலத்தோடு யாரும் உறுதி செய்யவில்லை. மயக்கத்தோடு பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவருக்கு இது இரட்டைப் பலன் தரும். மற்றவர்களுக்கு முதல் தேர்வு ஆகாது. ரத்தத்தைக் கண்டாலோ ஊசியைக் கண்டாலோ விழுகிறவர்களுக்கு மாத்திரையைவிட, தசையை இறுக்கியபடியே அந்தக் காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் பயிற்சிதான் நல்லது.

அட்டமாக்ஸிட்டின்: கவனக்குறைபாட்டுக்காகத் தரும் மருந்து. ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லும் நார்எபிநெஃப்ரின் நரம்பு முனையில் தங்கும் நேரத்தைக் கூட்டுகிறது. ஆளை மேசையோடு சேர்த்துக் கட்டி நிமிர்த்தி, மயங்குகிறாரா என்று பார்க்கும் சாய்மேசைச் சோதனையில் வெற்று மாத்திரை பெற்ற 27 பேரில் 19 பேர் மயங்க, 40 மி.கி. வீதம் இரண்டு முறை இது பெற்ற 29 பேரில் 10 பேரே மயங்கினார்கள். ஆனால் சாய்மேசையில் ஒரு நாள் தாக்குப்பிடிப்பது வேறு, வீட்டில் ஒரு வருடம் விழாமல் இருப்பது வேறு. வாய் உலர்வது, பசி குறைவது, படபடப்பு, தூக்கம் கெடுவது எல்லாம் வரும். மிடோட்ரினும் ஃப்ளூட்ரோகார்டிசோனும் பலிக்காதவருக்கு, அனுபவமுள்ள நிபுணர் கையில் இருக்க வேண்டிய மருந்து.

தியோஃபிலின்: ஆஸ்துமாவுக்குத் தந்துவந்த பழைய மாத்திரை. இதற்கு ஒரு தனிப்பட்ட கூட்டம் இருக்கிறது. இவர்களுக்கு முன்னறிவிப்பே கிடையாது. வியர்க்காது, கண் இருட்டாது, பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுவார்கள். இதயமும் ஈசிஜியும் சரியாக இருக்கும். இவர்கள் ரத்தத்தில், உடம்பே உண்டாக்கும் அடினோசின் என்ற பொருளின் அளவு குறைவு என்று ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டார்கள். அளவு குறைந்ததால் அதன் சின்ன ஏற்றத்துக்கும் இதயத்தின் மின்பாதை சட்டென்று அடைபடுகிறது. அடினோசினின் ஏற்பியைத் தியோஃபிலின் மறித்து உட்கார்ந்துகொள்கிறது. பொருத்தமான ஆளைத் தேர்ந்தெடுத்தால் நன்றாகக் கேட்கும். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதால் ரத்தத்தில் அளவு பார்த்துத்தான் தர வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் அளவு எகிறி, வாந்தி, கை நடுக்கம், தாளம் தப்பிய துடிப்பு வரை போகும்.

எந்த மாத்திரை யாருக்கு

இதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்ய வேண்டியதில்லை. 24 மணி நேரம் கையில் கட்டியிருக்கும் பிரஷர் கருவி விலை மலிவான, பயனுள்ள சோதனை. பகல் நேரத்தில் ஒருமுறையாவது மேல் எண் 90-க்குக் கீழே போகிறது, அல்லது இரண்டு முறையாவது 100-க்குக் கீழே போகிறது என்றால் அழுத்தம் இறங்கும் வகைக்கே சாய்வு. மிடோட்ரினோ ஃப்ளூட்ரோகார்டிசோனோ பொருந்தும். தோலுக்கு அடியில் பொருத்தும் சிறு பதிவுக் கருவி விழும் நேரத்து ஈசிஜியைப் பிடித்துத் தரும். அதில் மயக்கத்தின்போது இதயம் மூன்று நொடிக்கு மேல் நின்றது தெரிந்தால், அதுவும் ஆள் நாற்பதைத் தாண்டியவர் என்றால், பேச்சு பேஸ்மேக்கரை நோக்கிப் போக வேண்டும். 2012-ல் வந்த ‘இஷ்யூ 3’ ஆய்வில் இப்படித் தேர்ந்தெடுத்த 77 பேருக்குக் கருவியைப் பொருத்தினார்கள். இயக்காமல் விட்டவர்களில் இரண்டு வருடத்தில் 57 சதவீதம் பேரும், இயக்கி வைத்தவர்களில் 25 சதவீதம் பேரும் மீண்டும் விழுந்தார்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் கருவியைப் பொருத்துவது எளிய முடிவில்லை. அவர்களுக்காக, இதயத்தின் மேல் வந்து சேரும் வேகஸ் நரம்பு முடிச்சுகளைக் குழாய் வழியாகச் சுட்டு அடக்கும் முறை வளர்ந்துவருகிறது. அதை நிறையச் செய்த மையத்தில் மட்டும் செய்துகொள்ள வேண்டும்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள

மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்டிசோன் ஆய்வுகள் ஒரு வருடம் பார்த்திருக்கின்றன. வீட்டிலும் அதுவே நியாயமான அளவு. ஒரு வருடம் விழாமல் இருந்தால் டாக்டரோடு பேசி, ஒவ்வொரு படியாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். மூன்று மாதம் சரியான அளவில், சரியான நேரத்தில் சாப்பிட்டும் முன்பு விழுந்ததைப்போலவே விழுகிறார் என்றால் அந்த மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டே போகாமல் அதை மாற்ற வேண்டும்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். விழுந்தாலோ விழப்போய்த் தப்பினாலோ ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: தேதி, மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கடைசி மாத்திரை எப்போது, அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள். ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று வருகிறவரின் நோட்டில் மூன்று இடத்திலும் ‘காலை 6.10, பாத்ரூம், மாத்திரை இன்னும் போடவில்லை’ என்று இருந்தால் மருந்து தோற்கவில்லை. அவர் காலை மாத்திரையை எட்டு மணிக் காபியோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். படுக்கையருகே இரவே ஒரு தம்ளர் தண்ணீரையும் மாத்திரையையும் எடுத்து வைத்து, கண் விழித்ததும் போட்டுவிட்டு அரை மணி நேரம் கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்து எழச் சொன்னால், அளவைக் கூட்டாமலே அடுத்த மாதத்து நோட்டு வேறு மாதிரி இருக்க வாய்ப்புண்டு.